சத்தம் போடுது

எங்கள் ஆபீசில் அவளுக்கு டொக்கு அக்கா என்று பெயர். ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார் அறையில் என் பக்கத்து நாற்காலி. யார் ஃபோன் செய்து "ஃப்ரிட்ஜ்ல ஏதோ சத்தம் வருதுங்க" என்றாலும் அக்கா விடமாட்டாள். "அந்தச் சத்தத்த வாயால செஞ்சு காட்டுங்க" என்பாள். எவ்வளவு பெரிய மனுஷனும் கொஞ்சம் நெளிந்துவிட்டு "களக் களக்" என்றோ "கொர்ர்ர்" என்றோ செய்தே ஆக வேண்டும்.

"களக்குன்னா உள்ள கேஸ் ஓடுது. டொக்குன்னா குளிர்ல பிளாஸ்டிக் சுருங்குது. கொர்ருன்னா மோட்டார் வேலை செய்யுது. பயப்படாதீங்க." கடகடவென்றால் மட்டும் "மேல என்ன வெச்சிருக்கீங்க?" என்பாள். ஏதாவது ஒரு தட்டு இருக்கும். எடுத்தால் சத்தம் நின்றுவிடும். வீட்டில் புருஷன் குறட்டை விட்டாலும், மோட்டார் ஓடுகிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வாளாம்.

புது மேனேஜருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அச்சடித்த பதிலைப் படித்துவிட்டு ஃபோனை வைக்க வேண்டுமாம். ஒருநாள் காலை தானும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ இந்தக் கூத்து நடந்தா, நாளைல இருந்து நீங்க வர வேண்டாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது.

ஃபோன் வந்தது. ஓர் ஆண் குரல், கிசுகிசுப்பாக.

"மேடம், புது ஃப்ரிட்ஜ் வந்ததுல இருந்து ஒரே சத்தம் போடுது."

அக்கா சமர்த்தாக அச்சடித்த தாளைக் கையில் எடுத்தாள். "எப்பல்லாம் சார்?"

"நான் கதவத் திறந்தாலே போடுது."

"திறந்து மூடினா கொஞ்ச நேரம் சத்தம் வரும் சார். சுவத்த ஒட்டி நிக்குதா?"

"இப்பக்கூட சுவத்துல சாஞ்சுதான் நிக்குது."

"சாய விடக்கூடாது. மெதுவா முன்னாடி இழுத்து விடுங்க."

"ஐயோ, கைய வெச்சா அடிக்கும் மேடம்!"

"ஷாக் அடிக்குதா?" அக்கா தாளைத் தூக்கிப் போட்டாள். "தொடாதீங்க! என்ன மாதிரி சத்தம்? செஞ்சு காட்டுங்க, சீக்கிரம்!"

மேனேஜரின் முகம் கடுகடுத்தது. போச்சு என்று நினைத்தேன்.

அந்த மனுஷன் தயங்கிவிட்டு, குரலைக் கீச்சென்று மாற்றினார். "'என்னக் கேக்காம யாரு உங்கள இத வாங்கச் சொன்னா? திருப்பிக் குடுக்கற வரைக்கும் சாப்பாடு கிடையாது!'"

சத்தம் போட்டது ஃப்ரிட்ஜ் இல்லை, வீட்டுக்காரி. அதற்குள் அந்தம்மா ஃபோனைப் பிடுங்கிவிட்டாள். "போடுதா? நிக்குதா? நான் என்ன ஆடா, மாடா?"

அக்கா அசரவில்லை. "நீங்க ஏம்மா சத்தம் போடறீங்க? முதல்ல அதச் சொல்லுங்க."

"களக் களக்குங்குது, டொக்குங்குது! ஓட்டை ஃப்ரிட்ஜ இவர் தலைல கட்டிட்டாங்க."

அக்கா கேஸையும் பிளாஸ்டிக்கையும் பொறுமையாக விளக்கினாள். "உள்ள நல்லா குளுருதா?"

"குளுருது."

"அப்ப உங்க வீட்டுக்காரர் ஏமாறலம்மா. நல்ல ஃப்ரிட்ஜதான் வாங்கியிருக்கார்."

அந்தம்மா இறங்கி வந்தாள். "சரி, ஃப்ரிட்ஜ் இருக்கட்டும். என்னப் போய் 'போடுது'ங்கறாரே, இவர ரிப்பேர் பண்ண ஆள் அனுப்புவீங்களா?"

மேனேஜர் குபீரென்று சிரித்துவிட்டார். அவர் மைக்கும் திறந்துதான் இருந்தது.

"யாரு அங்க சிரிக்கறது?"

"எங்க மேனேஜர்ம்மா. நான் இப்படிப் பேசினா வேலைய விட்டு அனுப்பறேன்னு பக்கத்துலயே உக்காந்திருக்கார்." தூக்கிப் போட்ட தாளை அக்கா மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்தம்மா ஆரம்பித்தாள். ஹெட்போனை மீறி எனக்கே கேட்டது. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "இல்லைங்கம்மா… அப்படி இல்லைங்கம்மா… அனுப்ப மாட்டேங்கம்மா." பின்னால் கணவர் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மேனேஜர் ஹெட்போனைக் கழற்றினார். காது சிவந்திருந்தது.

"அடுத்த ஃபோன எடுங்க" என்றார் அக்காவிடம். "உங்க இஷ்டப்படியே பேசுங்க."