காலியாகப் போன முன்சீட்டு

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நல்லையா முப்பது வருஷம் பிக்கப் ஓட்டினார். பழைய மொரிஸ் வண்டி. உர மூட்டை, கொழுந்துச் சாக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி எல்லாம் பின்னால்தான். டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டு, தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் பெரிய கிளாக்கருக்கும். அப்படி யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை, ஒட்டத் தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பாழாய்ப்போன வழக்கத்துக்கு நல்லையா தன் பிள்ளையையே கொடுத்தார். மனைவி இராக்கம்மாவுக்கு இடுப்புவலி கண்ட அன்று துரை கொழும்பில், கிளாக்கர் லீவில். முன்சீட்டு சும்மா கிடந்தது. ஏற்றியிருக்கலாமே! மனுஷனுக்குக் கை வரவில்லை. பின்னால் சாக்கை விரித்துப் படுக்கவைத்தார். கொட்டுகிற மழையில், குண்டும் குழியுமான தோட்ட ரோட்டிலேயே பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. இராக்கம்மா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தாள். அந்த வண்டியில் மட்டும் மறுபடி ஏறவில்லை.

போன வருஷம் தோட்டம் கழித்துக் கட்டிய பிக்கப்பைப் பதுளை வியாபாரி மபாஸ் வாங்கினார். சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்ல என்ற ஊரில் அவருக்கு ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டப் பழைய வண்டிதான் வேண்டுமாம். உள்ளே அலங்காரம் பண்ணுவதற்கு, வண்டியின் ஆணி வரை தெரிந்த நல்லையாவைக் கூப்பிட்டார்.

டேஷ்போர்டுக்குப் பலகை, ஜன்னலுக்குச் சின்னத் திரை, பித்தளைக் கைப்பிடி, பின்னால் இரண்டு மெத்தை பெஞ்சு. எல்லாவற்றையும் மளமளவென்று முடித்தவர் முன்சீட்டோடு மட்டும் மல்லுக்கட்டினார். குஷன் கடை றஹீம் போட்ட மெத்தை கல்லாக இருக்கிறதென்று பிரித்துப் பிரித்துப் போடச் சொன்னார்.

"யாரண்ணன் உக்காரப் போறது, ராணியா?" என்றான் றஹீம்.

"ஆமா தம்பி" என்றார் நல்லையா, சிரிக்காமல்.

இராக்கம்மா ஒரு தடவையாவது அதில் உட்காரவேண்டும். வேறு ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் மபாஸ், "பதுளை வரைக்கும் ஓட்டிப் பாருங்க. மனிசியையும் கூட்டிட்டுப் போங்க" என்று சாவியைக் கொடுத்தார். அந்த நல்ல மனுஷனுக்கு என்ன தெரியும்?

மறுநாள் இராக்கம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக். நல்லையா வண்டியை லயத்து வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். இடப்பக்கக் கதவைத் திறந்து, தூசியே இல்லாத சீட்டைத் தோள் துண்டால் துடைத்தார்.

"ஏறு இராக்கு."

அவள் கிட்டே வந்தாள். உள்ளங்கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"மெத்துனுதான் இருக்கு. பஞ்சு நெறய வச்சிருக்கீங்க."

"ஒனக்காகத்தான் பாத்துப் பாத்து வச்சேன்."

"அன்னிக்கு இது வெறும் பலகையா இருந்திருந்தாலும் ஒக்காந்திருப்பேங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவி. கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போனாள். யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். புது பெஞ்சுகளைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே, அன்று சாக்கு விரித்த அதே இடத்தில், வெறும் தகரத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க. கிளினிக்குக்கு நேரமாவுது."

நல்லையா எடுத்தார். தோட்ட ரோடு இன்னும் அதே ரோடுதான். எவ்வளவு மெதுவாக ஓட்டியும், ஒவ்வொரு குழியிலும் பின்னால் அவள் இடிபடுகிற சத்தம் கேட்டது.