இழுபடாத இடம்

இத்தாலியின் கார்ப்பி நகரில் ஸ்வெட்டர்களில் நழுவிய கண்ணிகளை ஊசியால் எடுத்துக் கட்டுவதுதான் ஒர்னெல்லாவின் பழைய பிழைப்பு. அவள் கட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. திறமைதான். அது நல்லதா என்பது வேறு கேள்வி.

ஐம்பத்தைந்து வயதில் எங்கள் பட்டறைக்கு வந்தாள். இங்கே பின்னுவது உடுத்துவதற்கு அல்ல. பின்னிய துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் கான்கிரீட் பூசுவோம். துணிதான் அச்சு. அது எப்படி வளைகிறதோ அப்படியே கூரை இறுகும்.

நூலக முற்றத்துக் கூரைக்கான துணியில் கையகலத்துக்குக் கண்ணிகள் நழுவியிருந்தன. ஒர்னெல்லா பழக்கப்படி இறுக்கிக் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்வெட்டர் தொழிலில் சொல்லும் வழக்கமில்லை.

கான்கிரீட்டின் பாரத்தில் துணி முழுவதும் இழுபட்டு இறங்கியது. அவள் இறுக்கிக் கட்டிய இடம் மட்டும் இறங்கவில்லை. கூரையின் அடியில் ஒரு குழி விழுந்தது.

பொறியாளர் கொர்ராதோ, பூச்சு வேலை செய்த இலாரியோவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, அந்த எடத்துக்கு வந்ததும் சாப்பாட்டு நேரமாயிடுச்சா? பூச்சைக் குறைச்சிட்டுப் போயிருக்க!"

"சாப்பாட்டு நேரத்துல நான் எதையும் குறைக்கிற ஆளா சார்? வயித்தப் பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். ஒர்னெல்லாவும் சிரித்தாள்.

அடுத்த கூரைக்கு இலாரியோவைக் கூப்பிட வேண்டாம் என்றார் கொர்ராதோ. நான்கு நாள் ஒர்னெல்லா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஐந்தாம் நாள் காலை எங்கள் எல்லோர் முன்னாலும் கொர்ராதோவிடம் போய் நின்றாள்.

"சார், அந்தக் குழி என் கையால வந்தது."

 "இலாரியோ வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க, வேலைக்கும் வரச் சொல்லுங்க" என்றார் கொர்ராதோ.

துணைக்கு என்னை அழைத்துப்போனாள். அவள் சொன்னதை இலாரியோ வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டான்.

"பூசும்போதே தெரிஞ்சுதுக்கா. பூச்சுக் கரண்டிக்கு அடியில அந்த எடம் மட்டும் வெறப்பா இருந்துது."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல நீ?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சிரிச்சீங்க."

அவள் கொர்ராதோ சொல்லியனுப்பியதைச் சொன்னாள்.

"சார் உன்ன வேலைக்கு வரச் சொன்னாரு, இலாரியோ."

"வரேன். வேலைக்கு வரேன்."

வந்தான். அவள் கேட்டால் பதில் சொல்வான், கனமான பொருளைத் தூக்கினால் ஒரு கை கொடுப்பான். ஆனால் அவள் இருக்கும் இடத்தில் வயிற்றைக் காட்டி வேடிக்கை பேசுவதை மட்டும் விட்டுவிட்டான். அவன் மன்னிக்கவில்லை என்கிறாள் ஒர்னெல்லா. மன்னித்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு அது போதவில்லை.