அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது, பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எழுத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் அதில் ஒரு எழுத்துகூட நான் எழுதியதில்லை.

குடுபல்லிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் கல்லறைக் கற்கள். கம்ப்யூட்டரில் வெட்டிய ரப்பர் ஷீட்டைக் கல்மேல் ஒட்டி, கத்தி முனையால் எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்து எடுப்பேன். பிறகு மணல் அடிப்போம். ரப்பர் இருக்கும் இடத்தில் மணல் தெறித்துவிடும், உரித்த இடத்தில் கல்லைத் தின்னும். ஒரு ஆள் பிறந்ததும் செத்ததும் கால்மணி நேரத்தில் கல்லில் இறங்கிவிடும். இங்கிலீஷ் எழுத்துகளை எனக்கு உருவமாகத்தான் தெரியும். எண்கள் மட்டும் படிப்பேன்.

இந்த வருஷம் சித்திரையில் அமெரிக்காவிலிருந்து ஒரு குடும்பக் கல்லுக்கு ஆர்டர் வந்தது. எங்கள் பட்டறையின் திருப்பதி ஆபீஸில் ஆர்டர் பார்க்கும் அம்மா போனில் விவரம் சொன்னார். ரொம்ப காலத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து ஒருவர் பெண்டாட்டியோடு கப்பலேறி அமெரிக்காவில் போய் இறங்கி விவசாயம் செய்திருக்கிறார். அவர் வம்சத்தில் வந்த ஒரு வயதான அம்மாள், கப்பல் காகிதம், சர்ச் புத்தகம், ஜனக்கணக்கு என்று ஒன்பது வருஷமாகத் தேடி, அந்தக் குடும்பம் முழுவதையும் ஒரே கல்லில் சேர்த்திருக்கிறார். அவருடைய அண்ணன் முறைக்காரர் ஒருவர் கல்லுக்கான படம் வரைந்து அனுப்பியிருந்தார்.

ரப்பரை உரிக்கும்போது மூன்றாவது வரியிலும் நாலாவது வரியிலும் பெயர் ஒரே உருவமாக இருப்பதைப் பார்த்தேன். தப்பாக இரண்டு முறை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து போன் போட்டேன்.

"தப்பில்ல அண்ணா," என்றார் ஆபீஸ் அம்மா. அவர் தெலுங்குக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். "மொதல் பாப்பா செத்துப் போச்சு. அடுத்த வருஷம் பொறந்த பாப்பாவுக்கு அதே பேரு வெச்சிட்டாங்க. அப்போ அவங்ககிட்ட அப்படி ஒரு பழக்கமாம்."

"ரெண்டாவது பாப்பாவுக்கு செத்த வருஷம் இல்லையேம்மா."

"அதான் அவங்களுக்கே தெரியல. நாலு வயசுல ஒரு ஜனக்கணக்குல இருக்கு. அடுத்த கணக்குல இல்ல. கண்டுபிடிச்சா அங்கயே செதுக்கிக்குவாங்களாம். நீங்க காலியா விட்டுருங்க."

என் வீட்டில் எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் போனார்கள். நான் பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, மூக்குக் குத்தி, குப்பை என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தார்கள். எமனுக்கு வேண்டாத பெயர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஆள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பிழைத்துக் கிடக்கிறேன். அங்கே அந்தப் பெண்ணுக்குச் செத்தவளின் பெயரையே எடுத்து வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டால் எவள் வருவாள்?

எங்கள் பட்டறையில் கல்லறைக் கல்லில் காலி இடம் விட்டால் சும்மா அனுப்ப மாட்டோம். காலி இடம் ஆள் கேட்கும் என்பார்கள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு துடைத்துப் பெட்டியில் அடைப்போம். அன்றைக்கும் ரப்பரில் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, கல்லைத் துணியால் துடைத்து, மஞ்சள் தடவினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் ஈரமாகி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் தடவினேன். மறுபடியும் வழிந்தது. சித்திரை மாசத்துப் பகல், தகரக் கூரை, மற்ற இடமெல்லாம் சுடுகிறது. அங்கே மட்டும் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

பாலிஷ் மெஷின் ஓட்டுகிறவன் என் வயசுக்காரன், எதற்கும் பயப்படாதவன். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கல்லுல வெடிப்பு ரேகை இருக்கும்பா, தண்ணி குடிச்சிக்கினு இருக்கும்," என்றான். குனிந்து பார்த்தான். "ரேகையும் காணோமே." பிறகு சிரித்தான். "உன்ன மாதிரியே கூச்சக் கல்லு. வேர்க்குது."

அப்போது கரண்ட் போனது. கம்ப்ரசர், வெட்டு மெஷின், ஃபேன் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்தச் சத்தத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு அது நின்றால் காது அடைத்தது போல் இருக்கும். கல்தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவன் புருவம், முடி, உதடு எல்லாம் வெள்ளை. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். கல்லுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தோன்றியது. அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

கரண்ட் வந்ததும் அவன் போய்விட்டான். நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு துண்டு ரப்பரில், மார்கழியில் வாசல் கோலத்துக்கு மூலையில் போடுவார்களே, அந்தத் தாமரை மொட்டைக் கத்தியால் வெட்டி, காலி இடத்தில் ஒட்டி மணல் அடித்தேன். கட்டைவிரல் அளவுதான். இனி அங்கே காலி இல்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான் செய்தேன் என்று நினைத்தேன்.

சாயந்தரம் வீட்டில் சட்டையைக் கழற்றினபோது என் மனைவி முதுகுப் பக்கத்திலிருந்து எதையோ பிய்த்து எடுத்தாள்.

"இது இன்னா, ஒட்டிக்கினு வந்திருக்குது?"

உரித்த ரப்பர் எழுத்து. அந்தப் பெயரின் முதல் எழுத்து. உரித்ததையெல்லாம் எண்ணி டப்பாவில் போடுகிறவன் நான். முதுகுக்கு எப்படிப் போகும்?

கல் பெட்டியில் அடைபட்டு சென்னைத் துறைமுகம் போனது. நாலு மாசம் கழித்து ஆபீஸ் அம்மா ஒரு போட்டோ அனுப்பினார். புல்வெளி, ஒரு பெரிய மரம், நம் கல். கல்லின் அடியில், நாலாவது வரிக்கு நேராக, ஒரு துணிப் பொம்மை உட்கார்ந்திருந்தது. கூடவே போனும் வந்தது.

"அண்ணா, அந்த மொட்டு யார் போட்டது? டிராயிங்ல இல்லையே."

போனோடு வாசலுக்கு வந்தேன். அவரே மேலே சொன்னார்.

"அவங்க பழைய கல்லறையில எல்லாம் மொட்டு இருந்தா, கொழந்தையிலயே செத்துட்டதுன்னு அர்த்தமாம். படம் போட்டாரே அந்தம்மாவோட அண்ணன், கல்லு கப்பல்ல இருக்கும்போதே செத்துட்டார். அவர்தான் உண்மையைக் கண்டுபிடிச்சு, சொல்ல மனசில்லாம மொட்டு போடச் சொல்லிட்டார்னு அந்தம்மா நெனச்சிட்டாங்க. அழுதாங்களாம். தேடுறத நிறுத்திட்டேன், காகிதப் பொட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டேன்னு எழுதியிருக்காங்க."

போனை வைத்துவிட்டேன். நான் மூடினது காலி இடத்தை இல்லை. எங்கோ வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றிருக்கக்கூடிய ஒரு பெண்ணை நாலு வயசிலேயே கொன்றுவிட்டேன். தேடுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரையும் நிறுத்திவிட்டேன்.

பாலிஷ்காரனிடம் மட்டும் சொன்னேன்.

"கப்பலேறிப் போச்சு, விடுபா. செத்து நூறு வருசத்துக்கு மேல ஆயிருக்கும். அவ வந்து உன்னக் கேக்கப் போறாளா?"

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் பத்து நாள், ரப்பர் உரிக்கும்போதெல்லாம் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலவே இருந்தது. திரும்பினால் அடுக்கி வைத்த கற்கள்தான். எல்லாம் பெயருக்குக் காத்திருக்கிற கற்கள். மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வந்துடு, இல்லாட்டி நீ துன்ன மாட்டே, தூங்க மாட்டே," என்றாள்.

போனில் என்னால் சொல்ல முடியாது என்று தெரியும். பலமநேர், சித்தூர் வழியாக பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனேன். ஆபீஸில் அந்த அம்மா மேஜைக்கு எதிரே போய் நின்றேன்.

"ஏமண்ணா, இவ்ளோ தூரம்?"

"மொட்டு நான் போட்டதும்மா. யாரும் சொல்லல."

அவர் முகம் மாறியது. "ஓனருக்குத் தெரிஞ்சா உங்க வேலை இருக்குமா? எனக்கும்தான் இருக்குமா?"

"தெரியும்மா. அந்தம்மாவுக்கு எழுதிருங்க."

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் எழுதினார். நாலு வரிதான். மொட்டு கல்வேலைக்காரன் போட்டது. எங்கள் ஊர் பயத்தினால் போட்டது. அந்தப் பெண் செத்ததாக யாருக்கும் தெரியாது. தயவுசெய்து தேடவும்.

மூன்று நாளில் அமெரிக்காவிலிருந்து அந்த வயதான அம்மாளின் பதில் வந்தது. ஆபீஸ் அம்மா படித்துச் சொன்னார். திட்டு ஒன்றும் இல்லை. ஓனருக்கு எழுதவும் இல்லை. பெட்டிகளை மறுபடி அவிழ்த்துவிட்டாராம். கல் வருவதற்கு முன்னாலேயே, தூரத்து ஊர் ஒன்றின் கல்யாணப் பதிவில் அதே பெயர், அதே வயசில் ஒரு பெண் கண்ணில் பட்டிருக்கிறாள். மொட்டைப் பார்த்ததும் அவள் வேறு யாரோ என்று அந்தக் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டார். இப்போது அங்கே எழுதிக் கேட்டிருக்கிறார். இன்னும் தெரியவில்லை.

கல்லில் அந்த மொட்டை அழிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியாது, அழித்தால் மேலேயும் கீழேயும் உள்ள பெயர்கள் போய்விடும் என்று சொல்லச் சொன்னேன். அதனால் ஒரு சின்னக் கல் கேட்டிருக்கிறார், பெரிய கல்லுக்கு முன்னால் வைக்க. அந்தப் பெண்ணின் பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, அதற்குப் பிறகு காலி. பூ வேண்டாம் என்று கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறார். அதே ஆள்தான் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு அதைச் செய்தேன். பாலிஷ்காரன் கல்லைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, "நீயே பாத்துக்கோ சாமி," என்று வெளியே போய் நின்றுகொண்டான். எழுத்துகளை உரித்தேன், எண்ணி டப்பாவில் போட்டேன், மணல் அடித்தேன், ரப்பரைப் பிரித்துக் கழுவினேன். மஞ்சள் தடவவில்லை. கற்பூரம் காட்டவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜாண் இடம் கறுப்பாக, கண்ணாடி மாதிரி. கழுவின தண்ணீர் போக, அன்றைக்குப் போல ஈரம் கசிகிறதா என்று குனிந்தேன். இல்லை. அங்கே என் முகம்தான் இருந்தது, அந்த இடத்துக்கு அளவெடுத்தது போல.

காலி இடம் ஆள் கேட்கும் என்பார்களே, நகர்ந்துவிடலாம் என்று தோன்றியது. நகரவில்லை. தண்ணீர் முழுவதும் காயும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

புரட்டாசி பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.