வலப்பக்க ஸ்டியரிங்

மொரிஸ் மைனர் பிக்கப். பழையது. முழுக்கத் திருத்தியது. விற்பனைக்கு. விளம்பரத்தில் இவ்வளவுதான் எழுதினேன். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதை மகள் சேர்த்துவிட்டாள்.

ஒரு நோர்வேக்காரரின் கொட்டிலில் கோழி எச்சத்தோடு கிடந்த வாகனம் அது. தரைத் தகடு முழுக்கத் துரு. நான் வேலை செய்த பட்டறையில் கேட்டு, சனிக்கிழமைகளில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினேன். மிச்ச வேலையெல்லாம் புருசெத்தில், எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழே உள்ள கராஜில். எங்களுக்கு அங்கே ஒரு வாகனத்துக்குத்தான் இடம்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் கரைச்சல் தெரிந்தது. நோர்வேயில் வீதியின் வலப்பக்கமாகப் போக வேண்டும். ஸ்டியரிங்கும் வலப்பக்கம் என்றால், முன்னால் போகும் லொறியை முந்தப் பார்த்தால் அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எதிரே வாகனம் வருகிறதா என்று இடப்பக்கம் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். அங்கே இருந்தது என் மனைவி.

“பாரும், வருதோ?”

“பொறுங்கோ.”

“இப்ப?”

“சொல்லுவன்தானே. அவசரப்படாதேங்கோ. ஓம், இப்ப போங்கோ.”

போவேன். அவள் சொன்னது ஒருநாளும் பிழையாகவில்லை. அப்போது அவளிடம் லைசென்ஸ் இல்லை.

“பாதி வாகனத்தை நான்தான் ஓடுறன். மிச்சத்தையும் பழகினால் என்ன?” என்றாள் ஒருநாள்.

பழகினாள். முதல் தரமே பாஸ். நான் இரண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதையும் சேர்த்துத்தான் சொல்லுவாள்.

பிறகு அவளுக்கு லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. விடிய முன்னம் தொடங்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. கார் வேண்டும். கராஜில் இடம் ஒன்றுதான். பிக்கப்பை வெளியில் விட்டால் பனியும் வீதி உப்பும் மறுபடி தின்றுவிடும்.

“பிக்கப்பிலேயே போறன்” என்றாள்.

தனியப் போனால் ஆர் பார்த்துச் சொல்வது? எனக்கு விற்க மனமில்லை. அவளும் விற்கச் சொல்லவில்லை. சில நாள் யோசித்தேன். விளம்பரம் போட்டேன்.

வயதான நோர்வேத் தம்பதி வந்தார்கள். கிழவர் நல்ல உயரம். தொப்பியைக் கழற்றியும் தலை கூரையில் முட்டியது. இருவரும் பிக்கப்பில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார்கள். அந்த அம்மா இறங்கிச் சிரித்தார்.

“லொறிக்குப் பின்னால் வந்தபோது நான் கண்ணை மூடிவிட்டேன்.”

என் மனைவி அவருடைய கையைப் பிடித்து மறுபடி ஏற்றினாள். நோர்வேஜிய மொழியில் வகுப்பு நடந்தது. கண்ணை மூடக் கூடாது. தலையைக் கொஞ்சம் வெளியே நீட்ட வேண்டும். சந்தேகம் என்றால் நில் என்று சொல்ல வேண்டும்.

“அவர் புறுபுறுப்பார். புறுபுறுக்க விடுங்கள்” என்றாள்.

“அது எனக்குப் பழக்கம்” என்றார் அந்த அம்மா.

கிழவர் என்னைப் பார்த்தார். “எனக்கு அவசரமில்லை. லொறிக்குப் பின்னாலேயே போவேன்.”

பின் கதவில் மழைத்துளி நின்றது. துடைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு வாகனத் திறப்பைக் கொடுத்தேன்.

இப்போது சின்னக் கார் ஒன்று இருக்கிறது. அதை மனைவி ஓடுவாள். நான் பக்கத்தில் இருப்பேன். முந்தி இருந்த மாதிரியே நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். ஸ்டியரிங் மட்டும் அவள் பக்கம் போயிருக்கிறது.

முதல் ஞாயிறு அவளோடு லில்லெஸ்ட்ரோம் வரை போனேன். வழியில் முன்னால் ஒரு லொறி. தலையைச் சரித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“பொறும்” என்றேன்.

“எனக்குத் தெரியுதப்பா. நீங்கள் சும்மா இருங்கோ.”

முந்திக்கொண்டு போனாள். நான் சும்மா இருந்தேன். அதுவும் நல்லாய்த்தான் இருந்தது.