சாட்சியாக மறுத்த திலகவதி

செய்தி வந்தபோது ஆய்வகத்தில் திராட்சை அரைத்துக்கொண்டிருந்தேன். ஏற்றுமதிக்குப் போகும் திராட்சை. இயந்திரத்தின் இரைச்சலில் தொலைபேசி அடித்தது கேட்கவில்லை. பிறகுதான் பார்த்தேன். திலகாக்காவின் கணவர் முரளியண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "நித்யா, திலகா போயிட்டா." பின்னால் யாரோ மராத்தியில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரத்தை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் அந்தச் சாம்பிள் வீண். திலகாக்கா நிறுத்த விட்டிருக்க மாட்டார்.

திலகவதியை உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே பூனாவில், தாபோடியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ராணுவப் பொறியியல் கல்லூரிப் பட்டறையில் வேலை பார்த்தார். நம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக் கோலப்போட்டிக்கு நடுவராக வந்து, எல்லாக் கோலமும் அழகு என்று சொல்ல மறுத்து, சண்டை வாங்கிக்கொண்டு போனவர். நானும் அவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் வேலை செய்தோம். பழத்திலும் காய்கறியிலும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அளக்கும் வேலை. வயது ஐம்பதைத் தொடவில்லை. நிணநீர்ப் புற்றுநோய்.

காரியம் முடிந்த அன்று முரளியண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

"நம்ம சங்க மலர்ல அவளப் பத்தி நீதான் எழுதப் போறியாமே?"

"ஆமாண்ணே."

"அந்தக் களைமருந்துதான் அவளக் கொன்னுச்சுன்னு எழுது. பூசி மெழுகாத."

சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுதத் தொடங்கியபோதும் அந்த நிலையில்தான் இருந்தேன்.

ஆய்வகத்தில் அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. குப்பிகளில் தோட்டத்தின் பெயர் இருக்கக் கூடாது. வாங்கி வைப்பவர் எண் ஒட்டுவார். அளப்பவருக்கு எண் மட்டுமே தெரியும். அவற்றுக்கு நடுவே மருந்தே தெளிக்காத பழம் ஒன்றையும், வேண்டுமென்றே மருந்து சேர்த்த பழம் ஒன்றையும் அவர் கலந்து வைப்பார். ஒருமுறை ஒரு விவசாயி வாசலில் நின்று அழுதார். முழு லோடும் திரும்பிவிட்டால் தீர்ந்தேன் என்றார். அவருடைய குப்பி எது என்று எனக்குச் சொல்ல வந்த பையனைத் திலகா தடுத்தார்.

"சொல்லாத. இவளுக்கு இளகின மனசு. பேரு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்."

"உங்களுக்கு இளகாதா அக்கா?"

"எனக்கு இன்னும் மோசம். அதான் நான் வாசப் பக்கமே போகல."

கோந்த்வாவில் அவர் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கணபதி விழாவுக்கு முன்னால் வளாகத்தைச் சுத்தம் செய்வதற்காக நடைபாதை ஓரமெல்லாம் களைக்கொல்லி தெளித்தார்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும், எல்லாருக்கும் தெரிந்த மருந்துதான். தெளித்ததும் புல் கருகிவிடாது. சில நாள் பச்சையாகவே நிற்கும். மூன்றாம் மாடி கோபாலன் மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தினம் காலையில் அங்கேதான் அருகம்புல் பறிப்பார். மிக்ஸியில் அடித்து வடிகட்டி, தானும் குடித்து, நடைப்பயிற்சிக் கூட்டாளிகளுக்கும் ஃபிளாஸ்கில் கொடுப்பார். அன்றைக்கும் கொடுத்தார். அதே புல்லைப் பிள்ளையாருக்கு என்று மராத்திக்காரப் பெண்களும் கட்டுக்கட்டாகப் பறித்துக்கொண்டு போனார்கள். பூனாவில் எங்களுக்குள் புல்லைக் களை என்று நினைப்பவர் ஒரு பக்கம், மருந்து என்று குடிப்பவர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு பலகைகூட வைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் மாமா திலகாவின் வீட்டுக்கு ஓடி வந்தார். அன்று ஞாயிறு. நானும் அங்கே இருந்தேன்.

"பச்சைப்பசேல்னு இருந்ததேம்மா! நான் செத்துடுவேனா?"

"உடனே ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன் மாமா. வயித்தக் கலக்குதா? வாந்தி?"

"பயத்துல கலக்கறது. அது கணக்கா?"

"இல்ல. ஆனா டாக்டர்கிட்ட போலாம், குடிச்ச எல்லாரையும் கூட்டிட்டு. மருந்து டப்பாவக் கையில எடுத்துக்குங்க, அதான் முக்கியம்."

"பத்து வருஷம் கழிச்சு ஏதாவது?"

"தெரியாது மாமா."

"கெமிஸ்ட்டுன்னு பேரு. தெரியாதுங்கறே."

"தெரிஞ்ச மாதிரி பேசறவங்க கீழ மீட்டிங்ல இருக்காங்க. வாங்க, டாக்டரப் பாத்துட்டுப் போய்க் கேப்போம்."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. புற்றுநோய் வரும் என்று ஒரு பக்கம். உலகமெல்லாம் தெளிக்கிறார்கள் என்று மறு பக்கம். செயலாளர் திலகாவைப் பார்த்து, "மேடம், ஹாங் யா நா? ஏக் போலோ," என்றார். ஆமா இல்லையா, ஒன்றைச் சொல்லச் சொன்னார். திலகா ஒன்றைச் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தெளிக்காதீர்கள், தெளித்தால் பலகை வையுங்கள், மற்றதைக் கையால் பிடுங்க ஆள் வையுங்கள் என்றார். இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது.

எனக்கும் கோபம்தான். புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று ஒரு நிபுணர் குழு சொல்கிறது. சொன்னபடி பயன்படுத்தினால் அந்த ஆபத்து இல்லை என்று பல நாட்டு அரசு அமைப்புகள் சொல்கின்றன. யாரோ ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டுமே என்று திலகாவிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே கேள்வி இல்லடி. ஹைவேல போற லாரி ஆளக் கொல்லுமா? கொல்லும். கசார்வாடில ரோட்டோர மாடி மேல நின்னு பாக்கறவளக் கொல்லுமா? அது வேற கேள்வி."

"அப்ப பயமில்ல?"

"தினம் ரோட்டக் கடக்கறவன் ஒருத்தன் இருக்கானே. மூக்குல துணிகூட இல்லாம முதுகுல டாங்க மாட்டிக்கிட்டு தெளிக்கறவன். அவன யாரு சரியா எண்ணியிருக்காங்க? எனக்குக் கோபம் அங்கதான்."

பிறகு அவருக்கே நோய் வந்தது. அந்த மருந்தின் மீது உலகில் எந்த நோய்க்காக வழக்குகள் நடக்கின்றனவோ, அந்த வகை நோய். கேள்விப்பட்டவர்கள் வந்தார்கள். விஷமில்லா விவசாயம் பேசும் சேனல்காரர் ஒருவர் மருத்துவமனைக்கே கேமராவோடு வந்துவிட்டார். நல்ல மனிதர். உண்மையாகவே கண் கலங்கினார். ஆய்வகத்தில் இத்தனை வருடம் அந்தக் குப்பிகளோடு இருந்த பெண் சொன்னால் ஊர் கேட்கும் என்றார்.

"நான் ஒரே ஒரு சாம்பிள் சார்," என்றார் திலகா. "பேரு வேற ஒட்டியிருக்கு. செல்லாது."

சேனல்காரர் கிளம்பிய பிறகு முரளியண்ணன் வெடித்தார். "இன்னாடி உன் நியாயம்? உன் உடம்பு சொல்லுது, நீ சொல்ல மாட்டேங்கற. அந்தக் கம்பெனிக்காரன் உனக்குச் சிலை வெப்பான்!"

"கம்பெனிக்காரன் வந்து, எனக்கு அதனால வரலன்னு சொல்லச் சொன்னாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் யாரத் திட்டறது?"

"என்னத் திட்டு," என்றார் திலகா. "பக்கத்துலயே இருக்கேன்."

அண்ணன் நடைபாதைக்கு எழுந்து போனார். திலகா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். உறுதி என்று நாம் சொல்வது அவருக்குச் சுலபமாக வந்ததல்ல. ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்கும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

சென்ற வாரம் இந்தக் கட்டுரையை முரளியண்ணனிடம் படித்துக் காட்டினேன். இதுவரை உள்ளதை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நான் சொன்னத எழுதலியே."

"எழுத முடியலண்ணே."

"அப்ப அவ எதனால செத்தா?"

"தெரியலண்ணே."

"நான் நம்பறேன்னு எழுது. அது பொய் இல்லல்ல?"

"இல்ல."

"அவ இருந்தா இந்த வரிய அடிச்சிருப்பா."

"அடிச்சிருக்க மாட்டாங்க. யாரு நம்பறாங்கன்னு பேரு போடச் சொல்லியிருப்பாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற இடத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆகவே எழுதுகிறேன். களைக்கொல்லிதான் தன் மனைவியைக் கொன்றது என்று முரளி நம்புகிறார். தெரியாது என்று திலகவதி சொன்னார். எனக்கும் தெரியாது. இதில் ஆறுதல் எதுவும் இல்லை. மருந்து விற்பவருக்கும் இதில் ஆறுதல் இருக்கக் கூடாது. தெரியாது என்பதைத் திலகா ஒருநாளும் ஆபத்தில்லை என்ற பொருளில் சொன்னதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது தெரியாது என்ற அந்த ஒரு சொல். நான் அதை முன்பும் சொல்லியிருக்கிறேன், பேச்சை முடித்துக்கொள்வதற்காக. அவர் அதைச் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்குவார். தெளிப்பவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் வருடக்கணக்கில் அளக்கும் ஆய்வு ஒன்றுக்கு யாராவது முன்வருவார்களா என்று கடைசி மாதங்களில் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. இப்போது அதை நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.