குங்குமம் மறைத்த எண்

அண்ணியின் பட்டறையில் ஒரு பழைய ரூட்டர் இருக்கிறது. மரத்தில் விளிம்பும் பள்ளமும் செதுக்குகிற மின்கருவி. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். அந்த எண்களின் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை தானாகக் காதோரம் போகும்.

திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நகரியிலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் குவைத்துக்குக் கிளம்பிய காலம் அது. கதவு வேலை செய்துகொண்டிருந்த என் அண்ணனும் போனான். அங்கிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் இந்த மிஷினைக் கொடுத்தனுப்பினான். அவனோடு கூடவே நின்று வேலை பழகியிருந்த அண்ணி, சேலைக்கு மேல் அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறையைத் திறந்துவிட்டாள். திருப்பதியில் அப்போது தெருவுக்குத் தெரு லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கதவு வேலைக்குப் பஞ்சமில்லை. மிஷினை மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டு என்கிற வெட்டுமுனையில் அண்ணி பலகையைத் தள்ளுவாள். மறுமுனையைப் பிடிப்பது நான். சும்மா சொல்லக் கூடாது, அது ஊளையிட ஆரம்பித்ததுமே எனக்கு நாக்கு வறண்டுவிடும். அண்ணிக்கும் பயம்தான். அவள் வாயை இறுக்கிக்கொள்வாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறுதோறும் எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணன் போன் செய்வான். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "அகலமான பிட்டு போட்டா சின்ன நம்பரு. மெல்லிசு பிட்டுக்குத்தான் பெரிய நம்பரு. மறந்துடாத" என்பான். அகலமான பிட்டின் விளிம்பு ஒரு சுற்றுக்கே வெகுதூரம் ஓட வேண்டும். வேகத்தையும் கூட்டினால் மரம் கருகும், இல்லாவிட்டால் பிட்டே உடைந்து பறக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணி மிஷினைத் துடைத்து, சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, குங்குமம் வைத்தாள். சக்கரமும் தப்பவில்லை. காய்ந்த பிறகு ஒரு எண்கூடத் தெரியவில்லை. மறுநாள் வேலையைத் தொடங்க அகலமான பிட்டை மாட்டினாள்.

"எந்த நம்பர்ல கீதுன்னு தொடைச்சிப் பாருங்க அண்ணி" என்றேன்.

அவள் கை சக்கரத்தின் அருகே போய் நின்றுவிட்டது. "வேணாம் பாப்பா. அவரு கடல் தாண்டி கீறாரு. நான் எப்டி என் கையால குங்குமத்தத் தொடைப்பேன்? ஒண்ணுலதான் வச்சிருந்தேன்."

நான் போய்ப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். தூரதேசத்தில் இருப்பவனை நினைத்தால் எனக்கும் அதே பயம்தான். பூஜைக்குத் துடைத்தபோதே சக்கரம் நகர்ந்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சுவிட்சைத் தட்டியதும் வந்தது வழக்கமான ஊளை இல்லை, அலறல். திடுக்கிட்டதில் அண்ணியின் கையிலிருந்த பலகை பிட்டில் மோதியது. கருகல் வாடை, பட்டென்று ஒரு சத்தம். பிட்டின் முனை உடைந்து, என் காதோரமாகப் பறந்து நிலைக்கட்டையில் தைத்தது. அண்ணி சுவிட்சை அணைத்தாள். சுழல்வது நின்றதும் என்னிடம் ஓடி வந்தாள். என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், ரத்தம் இல்லை. பிறகு குனிந்து, முந்தானையால் சக்கரத்தை அழுத்தித் துடைத்தாள். ஆறு. அப்போதுதான் அவள் அழுதாள். எனக்காகவா, துடைத்த குங்குமத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அண்ணனுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று ஞாயிறு வரைக்கும் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. பூத்தில் மணி அடித்தபோது போனை எடுக்க அண்ணிக்குத் துணிவில்லை. நான் எடுத்தேன்.

"அகலமான பிட்டு போட்டா..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

அண்ணி போனைப் பிடுங்கினாள். "சொல்லுங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அண்ணன் ஊரோடு வந்து வருஷங்களாகிவிட்டன. திருப்பதியில் இப்போது கணினி சொல்கிறபடி மிஷினே கதவைச் செதுக்குகிறது. ஆயுத பூஜைக்கு அண்ணி பழைய ரூட்டருக்கும் பொட்டு வைக்கிறாள், சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு. ஆனால் அண்ணன் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால் போதும், பட்டறைக்குப் போய்க் குனிந்து, அந்தப் பள்ளத்தில் மிச்சச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.