க்ரானிக்குக்கு வேறொரு சொல்

திருநகரில் ஒரு தனியார் பள்ளியில் பதினேழு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரே பொருள் தரும் சொற்களுக்கென்று ஒரு பாடம் வரும். நீடித்திருப்பதைச் சொல்லும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். லாஸ்டிங், பெர்மனென்ட், கன்டினியூவஸ், க்ரானிக். கடைசிச் சொல்லை நட்புக்கும் பாசத்துக்கும் போட்டுவிடாதீர்கள், அது நோய்க்கு வருவது என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

என் கணவருக்கு சமயநல்லூர்ப் பக்கம் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலை. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம்தான். மாடி எடுப்பது, வண்டி வாங்குவது என்று நான் எதை எடுத்தாலும், பெர்மனென்ட் ஆகட்டும் பாப்போம் என்பார். அதில் சலிப்பு இருக்காது. அடுத்த மாதம் வந்துவிடும் என்பது போலத்தான் சொல்வார்.

போன வருடம் அவருக்குக் கால் வீங்கியது. மோட்டார் அறையில் ஈரத்திலேயே நிற்பதால் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முகமும் வீங்கிய பிறகுதான் டவுனில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனோம். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு அவர் ஃபைலில் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாக முதல் சொல்லைப் படித்துவிட்டேன். க்ரானிக்.

வெளியே வந்ததும் என்ன எழுதியிருக்கிறார் என்று கணவர் கேட்டார். நாள்பட்டது என்று எழுதியிருக்கிறார் என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “பழசுதானே. புதுசா வந்திருந்தாத்தான் பயப்படணும்.”

நான் திருத்தவில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் சொல்வதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு அது என்னால் முடியவில்லை.

அடுத்த வாரமே டயாலிசிஸ் தொடங்கியது. கழுத்தில் குழாய் போட்டார்கள். வலிக்கிறதா என்று கேட்ட நர்ஸ், இது டெம்ப்ரவரிதான் அண்ணே, அடுத்து கையில ரத்தக்குழாயைச் சேத்துப் பெர்மனென்டா வச்சிருவாங்க என்று ஆறுதலாகச் சொன்னார். கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பழங்காநத்தம் தாண்டியதும், “அப்ப இது தீராதா?” என்றார். தீராது என்றேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து கணவரின் அலுவலகத்தில் பட்டியல் வந்தது. பணி நிரந்தரம் செய்யப்படுகிறவர்களில் அவர் பெயரும் இருந்தது. கூட வேலை பார்த்தவர் போனில் சொன்னார். உடல்தகுதிச் சான்று மட்டும் தர வேண்டும் என்றார்.

மறுநாள் காலை கணவர் சவரம் செய்து, தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை எதிரில் உட்காரச் சொன்னார்.

“நீ இங்கிலீஷ் டீச்சர்தானே. அந்தக் க்ரானிக்குக்குப் பதிலா வேற ஒரு சொல்லு இருக்கும்ல. ரெண்டு மாசத்துல போயிரும்ங்கிற மாதிரி. டாக்டர்ட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வா.”

நோட்டில் எழுதிப் பார்த்தேன். ப்ரொலாங்க்ட், ரெக்கரிங், லாங்-ஸ்டாண்டிங். எதை எழுதினாலும் அதே நோய்தான் எட்டிப் பார்த்தது. கடைசியில் ‘அண்டர் ட்ரீட்மென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பொய்யும் இல்லை, முழுதாகச் சொல்லவும் இல்லை. அதையும் சான்றுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் தனியாகப் போனேன்.

அவர் கோபப்படவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

“சிகிச்சையில இருக்காருன்னே எழுதறேன் டீச்சர். எவ்வளவு காலத்துக்குன்னு கீழ ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதட்டும்?”

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். அவரே எழுதினார். லைஃப்லாங். அழகான கையெழுத்து.

வீட்டில் கணவர் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஆயுளுக்கும் என்று தமிழிலும் சொன்னேன், இந்த முறை மறைக்காமல்.

“கேட்டுப் பாத்தியா?”

“கேட்டேங்க.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுக்க வேண்டாம் என்று நான் தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்களாம். நீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் கால் டம்ளர் மட்டும் குடித்தேன் என்றார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தகுதியில்லை. அதற்குள் மோட்டார் போட வேறு ஆளும் வந்துவிட்டிருந்தார். பழைய தற்காலிக வேலையும் அதோடு போயிற்று.

டி. கல்லுப்பட்டியிலிருந்து அவர் தம்பி சிறுநீரகம் தர முன்வந்தார். அவருக்கே சர்க்கரை இருப்பது பரிசோதனையில்தான் தெரிந்தது. அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது டயாலிசிஸ் வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். போன வியாழக்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் கட்டிலைவிட்டு எழவில்லை.

“இன்னைக்குப் போகலைன்னா என்னாகும்?”

சொன்னேன். நீர் கோக்கும், மூச்சு முட்டும், இரண்டு மூன்று தடவை விட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

“தெரியும். சும்மா கேட்டேன்” என்று எழுந்து சட்டையை மாட்டினார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். நிறுத்தத்தில் வெயில் ஏறிவிட்டிருந்தது. பஸ் வர அரை மணி நேரம் ஆனது. வந்ததும் அவரே கை காட்டி நிறுத்தி, எனக்கு முன்னால் ஏறினார்.